தேங்கி நிற்கும் மனமும் தெளிவு பெறும் வழியும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காண்கிறது. பட்டம் பெற்றோரின் பட்டியல் இன்று படிக்கப்படுகிறது. பதவி பெற்றோருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. அது முறையே. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளின் பட்டங்களை எண்ணி மகிழ்வதில் குறை காண்பார் இலர். ஆயினும், அப்பட்டியலில் இடம் பெறாத பிள்ளைகளைப் பற்றிச் சற்று நேரம் சிந்திக்கலாம் என்று கருதுகிறோம். கல்லூரிக்குச் சென்று பாதியில் திரும்பியவர்களும், தேர்வுக்கு மேல் தேர்வு எழுதியும் கரையேறாதவர்களும், வேலை கிடைத்தும் அதில் மேற்கொண்டு ஓரடி எடுத்து வைக்க இயலாமல் நிற்பவர்களும் நம் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். விழா நாள்களில் அவர்கள் வருவதில்லை. வந்தாலும் பந்தலின் கடைசி வரிசையில் அமர்ந்து, எவரேனும் நலம் விசாரிக்குமுன் எழுந்து போய்விடுகின்றனர். அவர்களுக்கு உளவியல் தரக்கூடிய உதவி யாது, அவ்வுதவியை நம் வாசலுக்குக் கொண்டு வருவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

தேக்கம் என்பது யாது?

தேக்கத்தைச் சோம்பல் என்று எண்ணிவிடுகிறோம். இரண்டும் வேறு. சோம்பலுற்றவன் நன்றாக உறங்குகிறான். தேங்கி நிற்பவனுக்கு உறக்கம் பிடிப்பதில்லை. புத்தகம் மணிக்கணக்கில் திறந்திருக்கும், பக்கம் புரளாது. காலையில் கல்லூரிக்கென்று புறப்பட்டவன் பேருந்து நிலையத்தில் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்புவான். தேர்வு நன்றாக எழுதியதாகத் தாயிடம் சொல்லுவான். நுழைவுச் சீட்டையே வாங்கியிருக்க மாட்டான். உள்ளே வெட்கம் எரிந்து கொண்டிருப்பதால்தான் இத்தனை மறைப்பும்.

நம்மிடையே மூன்று வகைத் தேக்கங்களை மிகுதியும் காண்கிறோம். முதலாவது, படிப்பில் வரும் தேக்கம். தமிழ் வழியில் படித்து முதல் மாணவனாகத் தேறியவன் பொறியியல் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தின் முன் திகைத்து நிற்கிறான். முதற்பருவத்தில் இரண்டு அரியர். மூன்றாம் பருவத்தில் ஆறு. இரண்டாவது, போட்டித் தேர்வில் வரும் தேக்கம். மத்தியக் குடிமைப்பணித் தேர்வை நம் பிள்ளைகள் 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். இது போராடிப் பெற்ற உரிமை. ஆனால், எப்போது நிறுத்துவது என்று எவரும் சொல்லித் தராத காரணத்தால், இவ்வுரிமையே சிலருக்குப் பத்தாண்டுக் காத்திருப்பாகிவிடுகிறது. மூன்றாவது, பணியில் வரும் தேக்கம். ஒதுக்கீட்டில் வந்தவர் என்ற முணுமுணுப்பு அலுவலகத்தில் ஒருவர் செவியில் நாள்தோறும் விழுந்தால், பதவி உயர்வுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் கை எழாது. பெண்மக்களுக்கோ இம்மூன்றோடு, 'படித்தது போதும், திருமணத்தை முடிப்போம்' என்னும் நெருக்கடியும் சேர்ந்துவிடுகிறது.

அண்ணலின் மூன்று ஆண்டுகள்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் பட்டங்களை நம் சிறுவர்களும் ஒப்பிப்பர். ஆனால், 1917 முதல் 1920 வரையிலான அவருடைய ஆண்டுகளை நாம் அதிகம் பேசுவதில்லை. பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால், இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் அவர் நாடு திரும்பினார். வேறு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள், போர்க் காலத் தாக்குதலில் கடலில் மூழ்கின. பரோடாவில் உயர்ந்த பணி கிடைத்தது. தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கிய அவர் அங்கிருந்தும் விரட்டப்பட்டார். பம்பாய்க்குத் திரும்பி முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று அறிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டனர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த அறிஞரின் நிலை இதுவாக இருந்தது.

அந்த மூன்றாண்டுகளில் அவர் செய்தவற்றை நோக்குவோம். இலண்டன் படிப்பைத் தொடர நான்காண்டு அவகாசம் கேட்டுப் பெற்றிருந்தார். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராசர் உதவினார். நவல் பாதேனா என்னும் பார்சி நண்பரிடம் கடனும் பெற்று 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். அங்கு 1922இல் அவர் அளித்த ஆய்வேட்டைத் திருத்தித் தருமாறு தேர்வாளர்கள் திருப்பினர். திருத்தி அளித்து 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

தடை வந்தபோது தம் தகுதியின் மீது அவர் பழி சுமத்தவில்லை. தடையைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்: பணம் எவ்வளவு தேவை, காலம் எவ்வளவு உண்டு, யாரிடம் கேட்கலாம் என்று வகுத்துக் கொண்டார். பிறரிடம் உதவி கேட்பதை இழிவாகவும் கருதவில்லை. மாமேதை ஒருவர் தம் உறுதியால் செய்த இவற்றையே, சராசரி மனிதருக்குத் துணை நின்று கற்பிக்கிறது இன்றைய உளச் சிகிச்சை.

உளவியலார் கண்டறிந்தவை

அமெரிக்க உளவியலார் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967இல் நாய்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். தப்ப வழியில்லாத நிலையில் மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களுள் பெரும்பாலானவை, பின்னர்த் தாழ்வான தடுப்பு ஒன்றைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற நிலையிலும் தாண்ட முயலாமல் படுத்துக் கிடந்தன. அவற்றை மீட்ட முறை நம் கவனத்திற்குரியது. கழுத்தில் வாரிட்டு, தடுப்பின் மறுபுறத்திற்குப் பன்முறை இழுத்துச் சென்று காட்டிய பின்னரே அவை தாமே தாண்டின. அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அவ்விருவரும் தம் கொள்கையைத் திருத்தி எழுதினர். நீண்ட துன்பத்தின் முன் உயிர் செயலற்றுப் போவது இயல்பாகவே நிகழ்வது. 'என் செயலால் பயனுண்டு' என்பதே மூளை கற்றுக் கொள்ள வேண்டிய பாடம் என்றனர். ஆகவே, தேங்கி நிற்பவனிடம் குற்றம் காண்பதை விடுத்து, அந்தப் பாடத்தைக் கற்கும் வாய்ப்பை நாம் அவனுக்கு அளிக்க வேண்டும்.

நம் நாட்டில் நடந்த ஆய்வொன்றையும் கூறுவோம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளியலார் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குத் தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைத் தந்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதி வெளியிடப்படாதபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர்களும் மேல்சாதிச் சிறுவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தீர்த்தனர். எல்லோர் முன்னிலையிலும் சாதியைப் படித்த பின் தீர்க்கச் சொன்னபோதோ, தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் திறன் குறைந்தது. சிறுவர்களின் அறிவு ஒரு நொடியில் மாறிவிடவில்லை. அவர்கள் அமர்ந்திருந்த அறை மாறியது. 'எனக்கு மூளை இல்லை' என்று புலம்பும் நம் மாணவர் ஒவ்வொருவருக்கும் இவ்வாய்வைச் சொல்லித் தர வேண்டும்.

சிகிச்சை அறையில் நிகழ்வது

உளச் சிகிச்சை என்றவுடன் மின்னதிர்ச்சியும் பூட்டிய கதவும் நம் மக்கள் நினைவுக்கு வருகின்றன. ஆலோசகர் ஒருவரும் உதவி நாடியவர் ஒருவரும் எதிரெதிரே அமர்ந்து, வாரம் ஒரு முறை, முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம் பேசுவதே இதன் பொதுவான வடிவம். அங்கே கூறுவது மறைவாகக் காக்கப்படும்.

அதில் இரு முறைகள் நம் பொருளுக்கு மிகவும் ஏற்றவை. ஒன்று, 1960களில் ஆரன் பெக் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் முறை. ஆறு அரியர் வைத்த மாணவன், 'நான் எதற்கும் உதவாதவன்' என்கிறான் என்று கொள்வோம். ஆலோசகர் அவனை மறுத்துப் பேசுவதில்லை; புகழ்ந்து தேற்றுவதுமில்லை. அந்த எண்ணத்தை ஒரு தாளில் எழுதச் சொல்கிறார். அதற்குச் சான்று யாது, எதிர்ச்சான்று யாது என்று கேட்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் பெற்ற மதிப்பெண் எதிர்ச்சான்றாக வந்து நிற்கிறது. ஆறு தாள்களில் நான்கு, விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வராததால் தவறியவை என்று வெளிப்படுகிறது. அப்போது, 'நான் உதவாதவன்' என்ற தீர்ப்பு, 'எனக்கு எழுத்து ஆங்கிலத்தில் பயிற்சி வேண்டும்' என்ற வேலையாக மாறுகிறது. தீர்ப்பைச் சுமந்து நிற்கத்தான் முடியும். வேலையையோ தொடங்க முடியும்.

மற்றொன்று, 1970களில் பீட்டர் லூயின்சன் முதலியோர் வளர்த்த செயலூக்க முறை. மனம் சரியான பின் படிக்கலாம் என்று நாம் காத்திருக்கிறோம். செயல் முன்னே செல்லட்டும், மனம் பின்னே வரும் என்கிறது இம்முறை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் படிப்பேன் என்ற சபதம் இங்கே ஏற்கப்படுவதில்லை. காலையில் இருபது நிமிடம், ஒரு கணக்கு, ஒரே மேசை. அவ்வளவே முதல் வாரத்தின் கடமை. அடுத்த வாரம் ஒரு பேராசிரியரைக் கண்டு ஒரே ஒரு ஐயம் கேட்டு வர வேண்டும். நாள்தோறும் செய்ததையும், செய்தபோது மனம் இருந்த நிலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். நான்கைந்து வாரங்களில் அக்குறிப்பேடே அவனுக்குச் சான்றாகிவிடுகிறது.

தொழில் வழிகாட்டலைப் பற்றியும் ஒரு சொல். 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் முதல் வழிகாட்டு நிலையத்தைத் தொடங்கினார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்ற மூன்றே அவர் வகுத்த படிகள். அவை இன்றும் செல்லும். ஆனால், நாம் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக, 'உனக்கு இதுதான் வரும்' என்று பிறப்பை வைத்துத் தொழிலைத் திணித்த நாட்டில், ஒரு தேர்வுத் தாளைக் காட்டி, 'உன் மகனுக்குக் கைத்தொழில்தான் ஏற்றது' என்று எவரேனும் கூறினால், உடனே தலையாட்டிவிடக் கூடாது. அத்தேர்வு எந்த மொழியில் நடந்தது, அவன் கண்டே இராத தொழில்களைப் பற்றிக் கேட்டதா என்று வினவ வேண்டும். அதே வேளையில், போட்டித் தேர்வு ஒன்றையே நம்பியிருப்பவர், இத்தனை ஆண்டுகள், இத்தனை முறை என்று எல்லையை முன்கூட்டியே வகுத்து, இடைக்காலத்தில் ஒரு பணியிலும் சேர்ந்துவிடுவது அறிவுடைமை. வேறு பணிக்குத் திரும்புவது தோல்வியாகாது.

இரண்டு ஐயங்கள்

நம் பெரியோர் எழுப்பும் ஐயங்களுக்கு விடை கூற வேண்டும். 'நாங்கள் சுமக்காத பாரமா? பசியோடு படித்தோம், எந்த ஆலோசகரிடம் போனோம்?' என்பது முதல் ஐயம். உண்மை. அவர்கள் போகவில்லை. ஆனால், அவர்களோடு படிக்கத் தொடங்கிப் பாதியில் நின்ற தோழர்கள் எத்தனை பேர் என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். தாண்டியவர் கதையை நாம் மேடையில் கேட்கிறோம். விழுந்தவரைப் பற்றிப் பேசுவார் இல்லை.

இரண்டாவது ஐயம் ஆழமானது. 'நோய் சமுதாயத்தில் இருக்கிறது. மருந்தை நம் பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? அநீதியைப் பொறுத்துக் கொள்ளப் பழக்கும் வேலையா இது?' என்று சிந்தனையாளர்கள் கேட்கின்றனர். இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் வேற்றுமையாக நடத்தப்பட்டதைத் தோரட் குழு 2007இல் எடுத்துக் காட்டியது. 2016 சனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை நாம் இழந்தோம். இத்தகைய இழப்புகளுக்குத் தனிமனித மனச்சோர்வு என்று பெயரிட்டுக் கோப்பை மூடுவதை நாம் ஒருநாளும் ஏற்க மாட்டோம். புகார் எழுதுவதும், நீதி கேட்பதும், சங்கமாகச் சேர்வதும் தொடர வேண்டும். ஆனால், புகார் எழுதுவதற்கும் ஒரு கை வேண்டும். அக்கை எழுவதற்கு மனம் வேண்டும். மனத்தை மீட்பதும் உரிமைக்குப் போராடுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

ஆகவே, ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நமக்கு உண்டு. சாதி இழிவைப் பற்றிச் சொல்லும்போது, 'அதெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள்?' என்று கூறி அடுத்த பேச்சுக்குத் தாவும் ஆலோசகர் நமக்கு ஏற்றவர் அல்லர். வேறொருவரை நாடுவதில் தவறில்லை.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய வேளை

தேக்கம் அனைத்தும் நோயன்று. ஆயினும், இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி சோகமோ வெறுமையோ நீடித்தால், உறக்கமும் உணவும் குலைந்தால், விரும்பிச் செய்தவை எல்லாம் சுவையற்றுப் போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் உண்டு; குணமும் உண்டு. உயிர் வேண்டாம் என்ற பேச்சு ஒருமுறை வாயில் வந்தாலும், 'சும்மா சொல்கிறான்' என்று விட்டுவிடக் கூடாது. அவரைத் தனியே விடாமல் அன்றே உதவி தேட வேண்டும். நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் வளரும் என்று அஞ்சத் தேவையில்லை. கேட்பது பாரத்தை இறக்கவே உதவும்.

2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர்களைக் காணலாம். மனநலச் சிகிச்சை பெறுவதும், அது மறைவாகக் காக்கப்படுவதும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நமக்கு அளித்த உரிமைகள். உதவித்தொகையை எவ்வாறு உரிமையென்று கேட்டு வாங்குகிறோமோ, அவ்வாறே இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கவை

'இத்தனை ஆலோசகர்களுக்கு எங்கே போவது?' என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. அங்கே டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் 2006இல் 14 பாட்டிமாரைப் பயிற்றுவித்து, மருத்துவ நிலையங்களின் வெளியே மர இருக்கையில் அமர்த்தினார். வருவோரின் சிக்கல்களைக் கேட்டு, ஒன்றைத் தேர்ந்து, அதற்கு ஒரு வழி காண உதவுவதே அவர்கள் பணி. 2016இல் வெளிவந்த ஆய்வு அதன் நற்பயனை உறுதி செய்தது. நம் கோவா மாநிலத்திலும், மனநலத் துறையில் பட்டம் பெறாத உள்ளூர் மக்கள் பயிற்சி பெற்று, ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் மனச்சோர்வைக் குறைக்க முடிந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அக்கிழவியரால் இயன்றது, பட்டதாரிகள் நிறைந்த நம் சங்கத்தால் இயலாதா?

1894இல் சென்னையில் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார்; 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தோற்றுவித்தார். வாயிலைத் திறப்பது அந்தத் தலைமுறையின் கடமையாயிருந்தது. உள்ளே சென்ற பிள்ளை தனித்துப் போகாமல் காப்பது நம் தலைமுறையின் கடமை. இதற்கென நான்கு வேண்டுகோள்களை இவ்வரங்கின் முன் வைக்கிறோம்.

முதலாவது, சங்கக் கட்டடத்தில் ஞாயிறு மாலை ஓர் அறையைக் 'கேட்கும் அறை'யாக ஒதுக்குவோம். பயிற்சி பெற்ற ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் அங்கே இருக்கட்டும். அங்கே சொல்லப்படுவது தெருவுக்கு வராது என்ற உறுதியை நிர்வாகக் குழு எழுத்தில் தரட்டும்.

இரண்டாவது, வெளியூர்க் கல்லூரிக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவருக்கும், அங்கே முன்னரே பயின்ற நம்மவர் ஒருவரைத் துணையாக்குவோம். முதற்பருவத் தேர்வுக்கு முன்பே அத்துணை அமைய வேண்டும்.

மூன்றாவது, தேர்வு முடிவு வரும் நாளில், தேறியவர் வீட்டிற்குச் செல்லுமுன் தவறியவர் வீட்டிற்குச் செல்வோம். துணைத்தேர்வு விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் கையோடு கொண்டு செல்வோம். அறிவுரை வேண்டாம், உடன் அமர்ந்து தேநீர் அருந்திவிட்டு வருவோம்.

நான்காவது, பெற்றோரிடம் பேசுவோம். 'உனக்காகத்தான் இந்தக் கடன்' என்ற சொல் அன்பில் பிறந்தாலும், பிள்ளையின் தலைமேல் பாறையாக இறங்குகிறது. 'தேர்வு என்ன ஆயிற்று?' என்று கேட்குமுன், 'சாப்பிட்டாயா, தூங்கினாயா?' என்று கேட்கப் பழகுவோம்.

இளைஞர்களே! உங்கள் படிப்பு நம் குடும்பங்களின் நம்பிக்கை என்பது மெய். ஆனால், எங்களுக்கு உங்கள் பட்டத்தினும் நீங்கள் பெரியவர்கள். தேங்கி நிற்கும் நாளில் மறைந்து வாழாதீர்கள். ஒருவரிடம் சொல்லுங்கள். நாளைக் காலை செய்யக்கூடிய ஒரு சிறு செயலைத் தேர்ந்து கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விழாவில், பட்டியலில் பெயர் இருப்பினும் இல்லாவிடினும், முதல் வரிசையில் வந்து அமருங்கள். அந்த இருக்கை உங்களுக்கு உரியது.